சிபியு வதந்தியில் எது தேறும், எது தேறாது

அடுத்த தலைமுறை பிராசசர் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் கிளம்பும். யாரோ ஒரு பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஸ்கிரீன்ஷாட் போடுவார். மறுநாள் 'இன்டெல் கதை முடிந்தது' என்று ஒரு கூட்டம், 'ஏஎம்டி இனி எழாது' என்று இன்னொரு கூட்டம். இப்போது அடிபடும் பெயர்கள் இன்டெல்லின் நோவா லேக், ஏஎம்டியின் ஜென் 6. ஒருபக்கம் 52 கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), எல்ஜிஏ 1954 என்ற புது சாக்கெட் (மதர்போர்டில் சிப் உட்காரும் இடம்), பெரிய கேஷ் (சிப்போடு இருக்கும் அதிவேக நினைவகம்) என்கிறார்கள். மறுபக்கம் ஒரு சிப்லெட்டுக்கு (பிராசசரின் உள்ளே இருக்கும் சிறு சிப்) 12 கோர் என்கிறார்கள். நிறுவனங்கள் தம் வாயால் சொன்னது இதைவிடக் குறைவு. நோவா லேக் 2026 இறுதியில் வரும் என்று இன்டெல் சொல்லியிருக்கிறது. தன் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதன் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மற்றதில் பெரும்பகுதி கசிவு, ஊகம், அல்லது கசிவின் மேல் கட்டிய ஊகம்.

வதந்தி படிப்பதில் தவறில்லை. அதை நம்பி மதர்போர்டு, ராம், பவர் சப்ளை வாங்குவதில்தான் பணம் போகிறது.

எல்லாக் கசிவும் ஒரே தரம் இல்லை. அதிகம் நம்பத்தக்கது கம்பைலர் (நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்), லினக்ஸ் கெர்னல் ஆகியவற்றுக்கு நிறுவனமே அனுப்பும் நிரல் திருத்தங்கள். 2024 பிப்ரவரியில் ஜென் 5-க்கான திருத்தத்தை ஜிசிசி கம்பைலருக்கு ஏஎம்டி அனுப்பியது. முழு எண் கணக்குக்கு 6 ஏஎல்யு, முகவரிக் கணக்குக்கு 4 ஏஜியு என்று அதிலேயே இருந்தது. ஆகஸ்டில் வந்த சிப்பிலும் அப்படியே இருந்தது. கம்பைலரில் பொய் சொன்னால் சொந்த சிப்புக்கான நிரலே மெதுவாக ஓடும் என்பதால் இங்கே கதை கட்ட யாருக்கும் லாபமில்லை. ஆனால் நிரலில் இருப்பது அமைப்பு மட்டுமே. அந்த அமைப்பு எத்தனை சதவீதம் வேகம் தரும் என்பது அதில் இருக்காது. ஜென் 5 கோர் முந்தையதைவிட 40% வேகம் என்று அதே ஆண்டு ஒரு பேச்சு ஓடியது. ஒரே கடிகார வேகத்தில் (கிகாஹெர்ட்ஸ்) சராசரி 16% என்றுதான் ஏஎம்டியே கடைசியில் அறிவித்தது. அந்த 16%-ஐப் பிரித்துப் பார்த்தால் ஒரு கேமில் 10%, ஒரு குறியாக்கச் சோதனையில் 35%. கேம் ஆடுபவருக்கு அந்த 35% எந்த வகையிலும் உதவாது.

கடிகார வேகமும் விலையும் பற்றிய கசிவுகளை நான் கடைசி வரிசையில் வைப்பேன். இரண்டும் வெளியீட்டுக்கு முந்தைய வாரம்கூட மாறக்கூடியவை. 2018 டிசம்பரில் ஒரு பட்டியல் பரவியது: ஏஎம்டியின் 16 கோர் ரைசன் சிப் 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டும், விலை 500 டாலருக்குள் என்று. 2019 நவம்பரில் வந்த ரைசன் 9 3950எக்ஸ் அதிகபட்சம் 4.7 கிகாஹெர்ட்ஸ், விலை 749 டாலர். கோர் எண்ணிக்கை சரியாக இருந்தது, மற்ற இரண்டும் தவறின. கசிவுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். சிலிக்கானில் செதுக்கியதை மறைப்பது கடினம், விலையை மறைக்கத் தேவையே இல்லை, அதை இன்னும் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

சிப்பின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளின் முடிவு கசிந்து வந்தால் மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல் முடிவுப் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். சிப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜெனுயின் இன்டெல் 0000' என்றோ, ஏஎம்டி என்றால் '100-000000' எனத் தொடங்கும் எண்ணோ இருந்தால் அது சோதனை மாதிரி. தொடக்க மாதிரிகள் வேண்டுமென்றே குறைந்த கடிகார வேகத்தில் ஓடும். அதன் மதிப்பெண் குறைவாக இருப்பது செய்தியே இல்லை. அடுத்து ராம் வேகம். மெதுவான ராமுடன் ஓட்டியிருந்தால் மல்டி கோர் மதிப்பெண்ணை ஒதுக்கிவிடலாம். பிறகு உட்சோதனைகள். கீக்பெஞ்ச் 6-இல் 'ஆப்ஜெக்ட் டிடெக்ஷன்' சோதனை ஒன்று மட்டும் எக்கச்சக்கமாக எகிறி, மற்றவை சாதாரணமாக இருந்தால், புதிய கட்டளைத் தொகுப்பு அங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம். அதனால் பொதுவேகம் கூடாது. சந்தேகம் இருந்தால் லாகின் செய்து மூலக் கோப்பைத் திறக்கலாம். ஓடும்போது பதிவான கடிகார வேகங்கள் அதில் வரிசையாக இருக்கும். ஓவர்கிளாக் (இயல்பு வரம்புக்கு மேல் வேகமேற்றல்) செய்தார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

நிறுவனங்களின் சொந்த மேடையும் வேதவாக்கல்ல. 2018 கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் 28 கோர் சிப்பை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியது இன்டெல். தொழிற்சாலைகளில் பயன்படும் வாட்டர் சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) மேசைக்கு அடியில் இருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஐ9-9900கே வெளியீட்டையொட்டி இன்டெல் காசு கொடுத்துச் செய்வித்த ஒப்பீட்டில், ரைசன் 7 2700எக்ஸை 'கேம் மோட்' போட்டுச் சோதித்திருந்தார்கள். அந்த மோட் அதன் 8 கோர்களில் பாதியை அணைத்துவிடும். கூச்சல் கிளம்பியபின் மறுபடி சோதித்தார்கள். ஆகவே எந்த நிறுவனத்தின் ஸ்லைடு என்றாலும் அடிக்குறிப்பைப் படியுங்கள்: எந்த ராம், எந்த கூலர், எத்தனை வாட் வரம்பு, எந்த விண்டோஸ் பதிப்பு.

போட்டி சூடேறும்போது சிப்பின் மீதும் சூடேறும். இதை விளம்பர அர்த்தத்தில் சொல்லவில்லை. 2023, 2024-இல் 6 கிகாஹெர்ட்ஸ் என்ற எண்ணை எட்ட இன்டெல் முந்தியது. 13900கேஎஸ், 14900கே, கடைசியில் 6.2 கிகாஹெர்ட்ஸில் 14900கேஎஸ். மதர்போர்டு நிறுவனங்கள் தம் பங்குக்கு வாட் வரம்பையே எடுத்துவிட்ட அமைப்புகளை இயல்பாக வைத்தன. பிறகு கேம்கள் பாதியில் நின்றுபோகத் தொடங்கின. அன்ரியல் எஞ்சின் கேம்கள் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தயாரிக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற பிழை வரும். அதைப் பார்த்து கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் ஏராளம், கோளாறு சிபியுவில். 13, 14-ஆம் தலைமுறை சிப்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பெற்றன, காலப்போக்கில் உள்ளே தேய்ந்தன. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வந்தது, உத்தரவாதத்தை இன்டெல் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது. இந்தத் தலைமுறைச் சிப்பைப் பழையதாக வாங்குபவர், முந்தைய உரிமையாளர் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள், இந்தத் திருத்தம் அதன் வழியேதான் வரும்) எப்போது புதுப்பித்தார் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஏஎம்டி பக்கமும் சுத்தமில்லை. 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி (கூடுதல் கேஷை அடுக்கிய வகை) சிப்கள் சாக்கெட்டிலேயே கருகியதும், எஸ்ஓசி (சிப்பில் ராமைக் கையாளும் பகுதி) மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்தும் பயாஸ் வந்தது.

வதந்தி எண்களுக்கும் நிஜ வேகத்துக்கும் உள்ள தூரத்துக்கு ஓர் உதாரணம் போதும். ரைசன் 7 9700எக்ஸும் 9800எக்ஸ்3டியும் 8 கோர்தான். கடிகார வேகத்தில் 9700எக்ஸ் முன்னால்: 5.5, மற்றது 5.2 கிகாஹெர்ட்ஸ். கேமில் 9800எக்ஸ்3டி தெளிவாக முந்துகிறது, காரணம் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி எல்3 கேஷ். கோர், கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் மட்டும் வைத்து வரும் கசிவு கேம் பற்றி எதையும் சொல்லவில்லை.

சரி, காத்திருப்பதா வாங்குவதா? முதலில் சிபியுதான் தடையா என்று பாருங்கள். கேம் என்றால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் வேகம் ஏறவில்லை என்றால் சிபியு தடை. எகிறினால் கிராஃபிக்ஸ் கார்டு, எந்தப் புது பிராசசரும் அதைத் தீர்க்காது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 30% என்று காட்டுவதை நம்ப வேண்டாம். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள சிப்பில் ஒரே த்ரெட் முழு மூச்சில் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 6% மட்டுமே.

சிபியுதான் தடை என்று தெரிந்தால், அடுத்த கேள்வி சாக்கெட். இன்டெல்லின் எல்ஜிஏ 1851 சாக்கெட் போர்டு எடுப்பவர், நோவா லேக்குக்கு வேறு போர்டு வேண்டும் என்றே கணக்குப் போடட்டும். ஏஎம்5-இல் நிலைமை மேல், ஆனால் 'சாக்கெட் ஒன்றே' என்பதும் 'என் போர்டில் ஓடும்' என்பதும் வேறு. 2020 மேயில் ரைசன் 5000 பழைய 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்றது ஏஎம்டி. பல போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பி மட்டுமே, எல்லாத் தலைமுறைக்கும் அதில் இடமில்லை என்பது காரணம். எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் மனம் மாறியது. இன்னும் பழைய 300 வரிசைக்கு 2022 வரை ஆகிவிட்டது. போர்டு நிறுவனத்தின் சிபியு ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நேரே பெயர் வரும்வரை காத்திருங்கள்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. 2025-இன் கடைசி மாதங்களில் டிடிஆர்5 ராம் விலை கடுமையாக ஏறியது. சிபியுவில் மிச்சம் பிடிக்கக் காத்திருந்தவர் ராமில் அதைவிட அதிகம் கொடுத்தார். வெளியான முதல் வாரத்திலேயே பாய்வதையும் நான் பரிந்துரைப்பதில்லை. ரைசன் 9000-க்கு உதவிய விண்டோஸ் திருத்தம் சிப் கடைக்கு வந்த பிறகே வந்தது. 2024 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ்-க்கான வேகத் திருத்தங்கள் டிசம்பர், ஜனவரி வரை இழுத்தன. இரண்டு பயாஸ் பதிப்புகள் தாண்டட்டும்.

கடைசியாக, புது சிப் மாட்டும் நாளில் பிறக்கும் வதந்தி. பயாஸ் ஃபிளாஷ்பேக் (சிப் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் வசதி) என்றால் பென் டிரைவ் ஃபேட்32-ஆக இருக்க வேண்டும், கோப்பின் பெயர் கையேட்டில் உள்ளபடி மாற வேண்டும், குறியிட்ட யூஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும். விளக்கு மின்னி நிற்கும்வரை பவரைத் தொடாதீர்கள். ஏஎம்5-இல் நான்கு ராம் போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் டிடிஆர்5-3600 மட்டுமே. வேகம் வேண்டுமென்றால் இரண்டோடு நிறுத்துங்கள். முதல் முறை ஆன் செய்ததும் ராமை அளவிட்டுச் சரிசெய்யும் வேலை நடக்கும், திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். வெளியீட்டு நாளில் 'புது சிப் செத்துப் பிறந்தது' என்று பரவும் பதிவுகளில் கணிசமானவை இந்தக் கறுப்புத் திரைதான். பொறுமையிழந்து பவரை அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.