ஒரு ஸ்பூன் மகரந்தம்

போன மாதம் ஒரு அம்மா பையிலிருந்து கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள்: மஞ்சள், ஆரஞ்சு, நடுநடுவே சாம்பல் நிறம். தேனீ மகரந்தம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, தொண்டை அரித்து, உடம்பெல்லாம் தடிப்பு. "தும்மலுக்கு நல்லதுன்னுதானே டாக்டர் வாங்கினேன்!"

அந்தத் தும்மலுக்குக் காரணமே மகரந்தம்தான்.

மகரந்தம் தின்பது புதிதல்ல. தெற்கு ஈராக்கில் சம்பங்கோரை மகரந்தத்தைச் சர்க்கரையோடு ஆவியில் வேகவைத்து இனிப்பாக விற்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரிகள் அதே இனச் செடியின் மகரந்தத்தில் ரொட்டி சுட்டார்கள். ஆனால் இன்று புட்டியில் வருவது வேறு சரக்கு. தேனீக்கூட்டின் வாசலில் துளையிட்ட தகடு பொருத்தினால், தேனீ நெருக்கி நுழையும்போது அது பின்னங்காலில் சுமந்து வரும் மகரந்த உருண்டை உரசிக் கீழே தட்டில் விழுந்துவிடும். அதைக் காயவைத்து விற்கிறார்கள்.

இதற்கு மவுசு வந்தது 1970களில், தின்றால் தெம்பு கூடும் என்று நம்பிய ஓட்டக்காரர்களால். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற பின்லாந்து ஓட்டக்காரர் லாசே விரேன் பெயரும் இந்தப் பேச்சில் அடிபட்டது. அப்புறம் டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எடை குறையும், முதுமை திரும்பிப் போகும், அலர்ஜி அடியோடு தீரும் என்று அரிசோனா நிறுவனம் ஒன்று விளம்பரத்தைச் செய்தி நிகழ்ச்சி மாதிரியே காட்டியது. மகரந்தத்தால் அலர்ஜியே வராது என்றும் சொன்னது! அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட, 1992இல் 2 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். வழக்கு முடிந்தது, அந்த வசனங்கள் மட்டும் இன்றும் வாட்ஸப்பில் சுற்றுகின்றன.

'மெலியவைக்கும்' மகரந்த கேப்சூல் என்றால் இன்னும் உஷார். 2014இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தபோது, அப்படிச் சிலவற்றில் பசியை அடக்கும் சிபுட்ரமின் ஒளிந்திருந்தது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இலேயே அங்கே சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது.

தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும். அதனால்தான் உருண்டைக்கு உருண்டை நிறம் மாறுகிறது. சாம்பல் எந்தப் பூ, ஆரஞ்சு எந்தப் பூ? லேபிளில் இருக்காது. மக்காச்சோளமும் இருக்கலாம், பார்த்தீனியமும் இருக்கலாம். ஆஸ்துமா, மூக்கு அலர்ஜி உள்ளவர்கள் 'துளி ருசி பார்க்கிறேன்' என்றுகூட இறங்காதீர்கள். சாப்பிட்டு மூச்சு இறுகினால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்கு.

கிளம்பும்போது அந்த அம்மா, "சரி, மிச்சத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துடட்டுமா?" என்றார்.

"அவங்களுக்குத் தும்மல் உண்டா?"

புட்டி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.