இடிப்பதா, பழுது பார்ப்பதா? வடசென்னைப் பழைய வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய விதிகள்

ராயபுரத்திலோ மண்ணடியிலோ தாத்தா காலத்து வீடு ஒழுகுகிறது என்று மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார், இடிச்சிட்டுப் புதுசா கட்டிடலாம்." தலையாட்டுவதற்கு முன்னால் வீடு எந்த விதிக்குள் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். சில தெருக்களில் இடித்தால் திரும்பக் கட்ட முடியாது.

பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா இருக்கும் மதில், 18-ஆம் நூற்றாண்டில் கருப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) காக்க ஆங்கிலேயர் எழுப்பியதன் மிச்சம். இன்று அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும் இத்தகைய சின்னங்களைச் சுற்றி இரண்டு வளையம் போடுகின்றன. முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடமும் கூடாது, இருப்பதை இடித்து அதே அளவில் திரும்பக் கட்டவும் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடமாகவோ, பிறகு முறையான அனுமதியோடு கட்டியதாகவோ இருந்தால் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், ஆனால் அனுமதி வாங்கியாக வேண்டும். வீடு எத்தனையாவது மீட்டரில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்தது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியக் கட்டடப் பட்டியல். அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது அதையொட்டித்தான். நீதிபதி பத்மநாபன் குழு அடையாளம் காட்டிய 467 கட்டடங்கள் இதற்கு அடிப்படை. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்க மட்டுமல்ல, மாற்றியமைக்க, பூச, பெயிண்ட் அடிக்கக்கூட முன் அனுமதி வேண்டும். மாநகரம் முழுவதுக்கும் 467 என்பது மிகக் குறைவு என்பது என் எண்ணம். ராயபுரம் ரயில் நிலையம் (1856) போலப் பேர் வாங்கிய கட்டடத்துக்குக் கேட்க ஆள் உண்டு. திண்ணையும் முற்றமுமாக சந்துக்குள் நிற்கும் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த விதிகள் பார்ப்பது பழமையையும் அழகையும்தான். ஆனால் பழுது பார்த்துக் குடியிருப்பது கார்பன் கணக்கிலும் பெரிய லாபம். 1,000 சதுர அடி கான்கிரீட் வீட்டுக்குத் தோராயமாக 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட் போகும். கம்பி 4 டன் வரும். ஒரு டன் சிமெண்ட் தயாரிக்க 600 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து அல்ல, சுண்ணாம்புக்கல் வெந்து பிரிவதிலிருந்தே வருகிறது. எஃகு டன்னுக்கு 2 டன்னுக்கு மேல். ஆக, கிரகப்பிரவேசத்துக்கு முன்பே 20 டன் கார்பன் டை ஆக்சைடு. நம் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. மாதம் 200 யூனிட் ஓட்டும் குடும்பம் இந்த 20 டன்னை எட்ட ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். பழைய வீட்டின் செங்கலும் தேக்கும் தம் கணக்கை எப்போதோ முடித்துவிட்டன.

புது வீடு கரண்டை மிச்சம் பிடிக்குமே என்பார்கள். சரி, பிடிக்கட்டும். அமெரிக்காவின் பாரம்பரியப் பாதுகாப்பு தேசிய அறக்கட்டளை இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டது. 30 சதவீதம் சிக்கனமான புதுக் கட்டடமும், கட்டும்போது செய்த சேதத்தை ஈடுகட்ட 10 முதல் 80 ஆண்டுகள் எடுக்கும் என்றது.

அனுமதி வாங்கியாகிவிட்டது, அப்புறம்? வேலையைக் கெடுக்காமல் செய்ய வேண்டும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டிருப்பார்கள். ஒழுகினால் சேதமான கட்டைகளை மட்டும் மாற்றி, மேல்தளத்தைச் சுண்ணாம்பிலேயே சீர் செய்தால் பெரும்பாலும் போதும். சுவர்தான் அடிக்கடி பாழாகிறது. முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்ந்தால் உடனே சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, இரண்டு மழைக்காலத்தில் செங்கல்லே மாவாகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். இறுகும்போது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் திரும்பவும் இழுத்துக்கொள்ளும். இந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டியிருக்கும், கூலியும் கூடத்தான்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத, மதில் போன்ற சின்னங்களின் இரண்டு வளையத்துக்கும் வெளியே நிற்கும் வீடு என்றால் உங்களைத் தடுக்க ஒன்றுமில்லை. மாநகராட்சியிடம் இடிப்பு அனுமதி வாங்கினால் போதும். இடிபாட்டைத் தெருவோரம் கொட்டாமல், கம்பி, மரம், செங்கல் எனப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மாநகராட்சி அதை அரைத்து மறுபயன்பாட்டுக்கு மாற்றும் ஆலைகளில் ஒன்று கொடுங்கையூரில் இருக்கிறது. தேக்குக் கட்டைகளையும் கதவு நிலைகளையும் மட்டும் லாரியில் ஏற்றிவிடாதீர்கள், அவற்றை வாங்க ஆள் உண்டு.