சிறுகோள்: ‘ஆஸ்டிராய்டு’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

1801இல் இத்தாலியின் பலேர்மோ நகரில் வானியலாளர் பியாட்சி, சூரியனைச் சுற்றும் சீரிஸ் என்ற சிறு பொருளைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு ஓல்பர்ஸ் என்ற வானியலாளர் அதுபோன்ற பல்லாஸைக் கண்டார். கோள் என்றால் தொலைநோக்கியில் வட்டத்தட்டாகத் தெரியவேண்டும். இவையோ சிறு விண்மீன்களிலிருந்து பிரித்தறிய அரிதாயிருந்தன. எனவே வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1802இல் இவற்றுக்கு ‘ஆஸ்டிராய்டு’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘அஸ்டெர்’ என்றால் விண்மீன். முழுச்சொல்லுக்கு ‘விண்மீன் போன்றது’ என்று பொருள். பியாட்சிக்கு இது பிடிக்கவில்லை. ‘கோள் போன்றது’ எனப் பொருள்படும் ‘பிளானட்டாய்டு’ அவர் விருப்பம்.

தமிழ் பியாட்சியின் பக்கம் நிற்கிறது. ‘கொள்’ என்னும் வினை முதனிலை திரிந்து ‘கோள்’ ஆனது. கொள்ளுதல், பற்றுதல் என்பது அடிப்பொருள். கிரகம் என்ற வடசொல்லின் வேருக்கும் அதுவே பொருள். சங்க நூல்களில் ‘கோள்மீன்’ உண்டு. அந்தப் பழஞ்சொல்லோடு ‘சிறு’ சேர்ந்தது சிறுகோள். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘விண்மீன்போலி’ என்று யாரும் ஆக்காமல் விட்டது நல்லதாயிற்று.

ஏனென்றால் அருகில் போனால் விண்மீன் சாயலே இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் சுற்றும் காஸ்ப்ரா என்ற சிறுகோளைப் பாருங்கள். 1916இல் கிரிமியாவின் சிமெயிஸ் ஆய்வகத்தில் நெயூமின் கண்டறிந்து, அவ்வூர்ப் பக்கத்து ஓய்விடத்தின் பெயரைச் சூட்டினார். 1991 அக்டோபர் 29 அன்று, வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் ஏறத்தாழ 1,600 கி.மீ. தொலைவில் அதைக் கடந்தது. ஒரு விண்கலம் சிறுகோளை நெருங்கிப் படமெடுத்தது அதுவே முதல்முறை. படத்தில் இருந்தது சுமார் 18 கி.மீ. நீளமுள்ள, உடைத்துப் போட்ட கருங்கல் ஜல்லி போன்ற கோணல் பாறை, உடம்பெல்லாம் குழிகள். பெயர் ஓய்விடத்துடையது என்பதால் குழிகளுக்கும் பாத், ஸ்பா, கார்ல்ஸ்பாட் என நீராடு தலங்களின் பெயர்களையே வைத்தார்கள்.

காஸ்ப்ரா சிலிக்கேட் கனிமங்கள் நிறைந்த ‘எஸ்’ வகை. இதைக் கல்வகைச் சிறுகோள் எனலாம்.

குறுங்கோள் (‘டுவார்ஃப் பிளானட்’) வேறு. புளூட்டோ போல, தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றது அது. 2006 முதல் சீரிஸும் அந்த வரிசையில்தான்.

செய்தித்தாள்கள் அடிக்கடி தடுமாறும் இடம் விண்கல். ‘பூமியைக் கடந்துசெல்லும் விண்கல்’ என்று தலைப்பிடுகிறார்கள். விண்கல் என்பது வளிமண்டலத்தில் எரிந்தது போக மிஞ்சித் தரையில் விழுந்த துண்டு. உறவு இல்லாமலில்லை: இட்டோகாவா என்ற கல்வகைச் சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் கொண்டுவந்த துகள்கள், பூமியில் கிடைக்கும் ஒருவகைக் கல் விண்கற்களோடு ஒத்துப்போயின.