காற்று நிற்கவில்லையா? பஞ்சர் ஒட்டும் முன் வால்வைப் பாருங்கள்

பஞ்சர் என்று சொல்லிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வரும் சைக்கிள்களில் நிறையவற்றுக்கு டியூபில் ஓட்டையே இருப்பதில்லை. கோளாறு வால்வில்தான். இல்லையென்றால், பொருந்தாத பம்ப்பை மாட்டி மல்லுக்கட்டி வால்வை வளைத்திருப்பார்கள். இப்போது இது கூடிக்கொண்டே போகிறது. தாத்தாவின் பழைய சைக்கிள், பையனின் கியர் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் அண்ணனின் ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள்) எல்லாம் ஒரே வீட்டு வாசலில் நிற்கின்றன. மூன்றுக்கும் மூன்று வால்வு, பம்ப் மட்டும் ஒன்று.

பழைய 28 அங்குல சைக்கிளில் இருப்பது டன்லப் வால்வு. வூட்ஸ் வால்வு என்றும் சொல்வார்கள். அதற்குள் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பக்கவாட்டில் சின்னத் துளை போட்ட ஒரு உலோக ஊசி, அதன் மேல் இறுக்கமாக மாட்டிய ரப்பர் குழாய், அவ்வளவுதான். அந்த ரப்பர்தான் எல்லாருக்கும் தெரிந்த வால் டியூப். பம்ப் அடித்தால் காற்று ரப்பரை விரித்துக்கொண்டு உள்ளே போகும், அடிப்பதை நிறுத்தியதும் ரப்பர் சுருங்கித் துளையை மூடிவிடும். வெயிலிலேயே நிற்கும் சைக்கிளில் இந்த ரப்பர் காய்ந்து வெடிக்கும், காற்று மெதுவாக இறங்கும். சில சமயம் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது எவ்வளவு அழுத்தினாலும் பம்ப் இறங்காது. சந்தேகம் வந்தால் காற்றடித்துவிட்டு, வால்வு வாயில் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் வால் டியூபை மாற்றினால் போதும், டியூபை வெளியே இழுக்கவே வேண்டாம், டீ குடிக்கும் காசுகூட ஆகாது.

மாற்றும்போது ஊசியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ரப்பரை ஏற்றுங்கள். சுலபமாக ஏறட்டும் என்று எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், எண்ணெய் பட்ட ரப்பர் சீக்கிரமே ஊறிக் கெட்டுப்போகும். துளை முழுவதும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேல் நட்டை முடுக்குங்கள். இன்னொன்று, இந்த வால்வில் பம்ப் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ரப்பரை விரிக்கத் தேவைப்படும் அழுத்தமும் அதில் சேர்ந்தே வரும். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதுதான் இதற்குச் சரி.

இரண்டாவது ஷ்ரேடர் வால்வு, மோட்டார் பைக்கிலும் காரிலும் இருக்கும் அதே தடித்த வால்வு. குழந்தைகள் சைக்கிள், கியர் சைக்கிள் பலவற்றிலும் இதுதான். நடுவில் ஒரு ஊசி தெரியும், பம்ப் முனை அதை அமுக்கினால்தான் வழி நன்றாகத் திறக்கும். பெட்ரோல் பங்க் குழாய் அப்படியே பொருந்தும் என்பது வசதி, ஆனால் ஆபத்தும் அங்கேதான். சைக்கிள் டியூபில் காற்றுக்கு இடம் ரொம்பக் குறைவு, கம்ப்ரஸரில் வரும் காற்றோ வேகம். மீட்டரில் அழுத்தத்தைக் குறித்து வைக்காமல் சும்மா பிடித்தால் கண் இமைப்பதற்குள் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து வெடித்துவிடும். டயரின் பக்கவாட்டிலேயே எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்து அங்கிருக்கும் பையனிடம் சொல்லிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பிரெஸ்டா. அதிகம் உடைந்து வருவது இதுதான். 6 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், ரோடு பைக்கிலும் விலை கூடிய கியர் சைக்கிள்களிலும் வரும். இதன் நுனியில் குட்டி நட்டு ஒன்று உண்டு. அதை இடப்பக்கம் சுற்றித் தளர்த்தி, விரலால் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். 'புஸ்' என்று சத்தம் வந்தால் திறந்துவிட்டது, இனி அடிக்கலாம். இதைச் செய்யாமல் பம்ப்பை மாட்டி, காற்று ஏறவில்லையே என்று மூச்சு வாங்க அடித்து, கடைசியில் பம்ப்பைக் கோணலாகப் பிடுங்கும்போது அந்த மெல்லிய தண்டு வளைந்துவிடும். பம்ப்பை நேராக மாட்டி நேராகவே எடுக்க வேண்டும், முடித்ததும் நட்டைத் திரும்ப மூட வேண்டும். 25 மில்லிமீட்டர் டயர் என்றால் பொதுவாக 80 முதல் 100 பிஎஸ்ஐ வரை கேட்கும், சின்னக் கைப் பம்ப்பில் அது லேசில் ஏறாது.

வால்வின் அடியில் ரிம்மோடு ஒட்டினாற்போல வரும் வளைய நட்டைக் குறடு போட்டு இறுக்காதீர்கள், விரல் இறுக்கமே போதும். அதிகமாக இறுக்கினால் வால்வின் கழுத்தில் டியூப் கிழியும், அந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் நிற்காது.

பிரெஸ்டா பிடிக்கவில்லை, ஷ்ரேடர் டியூப் போட்டுக்கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. பிரெஸ்டா ரிம்மின் துளை சின்னது, ஷ்ரேடர் நுழைய வேண்டுமானால் சுமார் எட்டரை மில்லிமீட்டருக்குத் துளையைப் பெரிதாக்க வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அப்படிச் செய்தால் ரிம் பலம் குறைந்துவிடும், அதனால் நான் செய்து தருவதில்லை. அதற்குப் பதில் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குட்டி நட்டைத் தளர்த்திவிட்டு அடாப்டரைத் திருகினால் ஷ்ரேடர் பம்ப்பே போதும்.

புது டியூப் கேட்கும்போது டயர் அளவோடு வால்வு வகையையும் நீளத்தையும் சொல்லுங்கள். ஆழமான ரிம்மில் 40 மில்லிமீட்டர் வால்வைப் போட்டால் பம்ப் கடிக்கும் அளவுக்கு நுனி வெளியே வராது.

பம்ப் வாங்குவதாக இருந்தால் நிமிர்த்தி வைத்து அடிக்கும், மீட்டர் உள்ள, இரட்டைத் துளை முனைப் பம்ப் நல்லது. பெரிய துளை ஷ்ரேடருக்கு, சின்னது பிரெஸ்டாவுக்கு, டன்லப்பையும் அந்தச் சின்னத் துளையே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஒற்றைத் துளை முனையாக இருந்தால் முன் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் திருப்பிப் போட வேண்டியிருக்கும். பலருக்கு இது தெரியாமல் பம்ப்பே ரிப்பேர் என்று தூக்கிப் போடுகிறார்கள். விற்பவர் எல்லாத்துக்கும் பொருந்தும் என்று சொன்னாலும், சைக்கிளைக் கொண்டுபோய் அங்கேயே மாட்டி அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.