ஒரே கை கழுவல், இரண்டு காரணங்கள்

பதின்வயதுப் பையன். ஆட்டிசம் இருப்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஓயாமல் கை கழுவுகிறான் என்று அழைத்து வந்திருந்தார் அம்மா. "ஆட்டிசம்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஏற்கெனவே இரண்டு இடங்களில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காகிதம் ஒட்டும் வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலில் பசை பட்டதும் எழுந்துபோய் ஒரு தடவை கழுவினான். திரும்பி வந்து நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தான். அப்புறம் அம்மாவின் கைப்பையை எடுத்துத் தர வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் மறுபடி குழாயடிக்குப் போனான். இப்போது உதடுகள் அசைந்தன. எண்ணுகிறான். நடுவில் எண்ணிக்கை தவறியது, முதலிலிருந்து தொடங்கினான். கண் கலங்கிவிட்டது. கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று தாளில் எழுதிக் கேட்டேன். "அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்" என்று எழுதினான்.

முதலாவது, பிசுபிசுப்பைத் தோல் தாங்காததால் வந்தது. இரண்டாவது ஓசிடி, வேண்டாத எண்ணமும் அதை அடக்கச் செய்யும் செயலும் விடாமல் துரத்தும் மனநலச் சிக்கல்.

மாறாத ஒழுங்கின் மேல் உள்ள பிடிப்பை 1943-இலேயே மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தின் அடையாளமாக எழுதிவிட்டார். அந்த ஒழுங்கு பிள்ளைக்கு ஆறுதல், பல நேரம் சந்தோஷமும்கூட. ஓசிடியில் சந்தோஷம் இல்லை. வேண்டாத எண்ணம் வந்து பயமுறுத்தும், அந்தப் பயம் அடங்குவதற்காகத்தான் செயல். பொதுவாக நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குள் இருக்கும் ஓசிடி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சுமார் 17 சதவீதம் என்கிறது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. ஆக, "ஆட்டிசம்தான்" என்று கோப்பை மூடிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

"மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் பலரிடமிருந்து "தெரியல" என்றுதான் பதில் வரும். தன் உணர்வுக்குப் பெயர் சொல்வதே ஆட்டிசம் உள்ள பலருக்குச் சிரமம். அதனால் நான் 0 முதல் 10 வரை ஒரு கோடு போட்டுக் காட்டுகிறேன், அல்லது வரையச் சொல்கிறேன்.

ஓசிடிக்கு இ.ஆர்.பி. என்ற பயிற்சி உண்டு. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்து, அந்தச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. ஆட்டிசமும் இருந்தால் ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும், திடீர் மாற்றம் கூடாது. காதைப் பொத்த வைக்கும் சத்தத்தையும் கூசும் துணியையும் இந்தப் பயிற்சிக்குள் கொண்டுவராதீர்கள். அது பயம் அல்ல, உடம்பின் வலி. "எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா" என்று அம்மா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதும் மெல்லக் குறைய வேண்டும், அந்தப் பதிலும் ஓசிடிக்குத் தீனி.

மருந்திலும் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் ஓசிடிக்கு உதவுகின்றன. ஆனால் ஆட்டிசம் உள்ள 149 பிள்ளைகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களைக் குறைப்பதில் அந்த வகையைச் சேர்ந்த சிட்டலோபிராம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சில மாதங்களில் அந்தப் பையன் கழுவாமலே கைப்பையை எடுத்துக் கொடுத்தான். பயம் எவ்வளவு என்று கேட்டதற்குக் கோட்டில் 4 என்று காட்டினான், தொடக்கத்தில் அது 10. பசை பட்டால் இப்போதும் எழுந்துபோய்க் கழுவுகிறான். அதில் நாங்கள் கை வைக்கவில்லை.