கறுப்புக் காரில் சிலந்தி வலை

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கறுப்பு கார் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. நிழலில் புதுசு மாதிரி இருக்கிறது. வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல். கடையில் பாலிஷ், கிளேஸ், வாக்ஸ் என்று மூன்றுக்கும் தனித்தனியாகக் காசு கேட்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானே?"

ஒன்றில்லை. பாலிஷ் என்பது பெயின்டையே கொஞ்சம் தேய்த்து எடுப்பது. கிளேஸ் பள்ளத்தை நிரப்பி மறைக்கும். வாக்ஸ் மேலே படிந்து தண்ணீரையும் அழுக்கையும் தள்ளி வைக்கும். எந்த வண்டி வந்தாலும் மூன்றையும் போட்டே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்றைய கார்களில் தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பெயின்ட் இருக்கும். எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). கிளியர் கோட் மட்டும் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. வாசகர் பார்க்கும் கீறல்கள் இந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கின்றன. போட்டது யார் என்று தேட வேண்டாம். தினமும் காலையில் காய்ந்த துணியால் வண்டியைத் துடைக்கிறோமே, அதுதான். தெருத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. கிளியர் கோட் வெறும் பிளாஸ்டிக் வகை.

சரி, கீறல்கள் ஏன் வட்டமாகத் தெரிகின்றன? துடைத்தவர் வட்டமாகத் துடைத்தார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்: கீறல்கள் வட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் ஆயிரக்கணக்கான நேர்க்கீறல்கள் இருந்தாலே போதும், வெயிலில் வட்டம் வட்டமாகத்தான் தெரியும்.

ஒரு மெல்லிய கீறலின் இரண்டு சுவர்களும் பக்கவாட்டில்தான் சரிந்திருக்கும். அதனால் அதில் படும் ஒளி கீறலுக்குக் குறுக்காகத்தான் விசிறி போல விரியும். கீறலின் நீளவாட்டில் திரும்பாது. இப்போது பானெட்டில் சூரியனின் பிம்பம் தெரியும் புள்ளியைப் பாருங்கள். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கும் கீறல் உங்கள் கண்ணுக்கு ஒளி அனுப்ப வேண்டுமானால், ஒளியை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். மேலும் கீழுமாக ஓடும் கீறலால்தான் அது முடியும். புள்ளிக்கு மேலே இருக்கும் கீறல்களில், படுக்கையாகக் கிடப்பவை மட்டும் மின்னும். இப்படிச் சுற்றிலும் பார்த்தால், பிம்பத்தைச் சுற்றி வட்டம் போட்டதுபோல் அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளிர்கின்றன. மற்றவை அங்கேயேதான் இருக்கின்றன, கண்ணுக்குப் படவில்லை. நம்பாவிட்டால் இரண்டடி நகர்ந்து பாருங்கள். வலையின் நடுப்புள்ளியும் உங்களோடு நகரும். பெயின்டில் வரைந்த வட்டம் நகருமா? வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டை பல்புக்குக் கீழே பிடித்தாலும் இதையே பார்க்கலாம்.

வெள்ளைக் காரில் இது ஏன் தெரிவதில்லை? கீறல் அங்கேயும் அதே அளவுதான். ஆனால் அடியில் இருக்கும் வெள்ளை நிறம் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பதால், கீறலின் சின்ன மினுக்கம் அதில் அமுங்கிவிடுகிறது. கறுப்பில் பின்னணி ஒளியே கிடையாது.

பாலிஷைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள் கலந்த பசை அது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சமமாகத் தேய்த்துவிட்டால் பள்ளம் இல்லாமல் போகும். நிரந்தரத் தீர்வு இது மட்டும்தான், ஆனால் தேய்த்தது திரும்பி வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்களும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. எனவே வருஷா வருஷம் தீபாவளிக்கு ரப்பிங் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க நினைப்பது பெரும்பாலும் ஆபத்து.

கிளேஸுக்கு வருவோம். இதில் முக்கியமாக இருப்பது எண்ணெய். எண்ணெய் எப்படிக் கீறலை மறைக்கும்? காற்றிலிருந்து கிளியர் கோட்டில் நுழையும் ஒளியில் ஒரு பங்கு எதிரொளிக்கும். எவ்வளவு என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்களை, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்களைப் பொறுத்தது. 1820களில் பிரான்சின் ஃபிரெனெல் இதற்குச் சூத்திரம் தந்துவிட்டார். நேராக விழும் ஒளிக்கு, எண்களின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து வர்க்கப்படுத்தினால் போதும். காற்றுக்கு 1, கிளியர் கோட்டுக்குச் சுமார் 1.5. விடை 4 சதவீதம். கீறலின் சரிந்த சுவரிலும் இந்த 4 சதவீதம்தான் தப்பான திசையில் போய் வலையாகத் தெரிகிறது. பள்ளத்தில் 1.47 எண் உள்ள எண்ணெயை நிரப்புங்கள். எண்ணெய்க்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவே எதிரொளிப்பது 0.01 சதவீதம். ஏறக்குறைய 400 மடங்கு குறைவு! மேலே எண்ணெயின் பரப்பு மட்டமாக இருப்பதால் அது ஒழுங்காகக் கண்ணாடி போல எதிரொளிக்கும். கீறல் அப்படியேதான் இருக்கிறது, ஒளிக்கு மட்டும் அது தெரியவில்லை.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பழைய வண்டி பளபளக்கும் என்று ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் நம்பியதன் ரகசியமும் இதுவே. அது ஆவியாகிப் போனதும் பளபளப்பும் போகும். கிளேஸும் சில முறை ஷாம்பூ போட்டுக் கழுவினால் போய்விடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். விற்பதற்கு முந்தின நாள் கிளேஸ் போட்ட வண்டி எந்த வெயிலிலும் அழகாகத்தான் இருக்கும்.

வாக்ஸில் பெயர் பெற்றது கர்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படியும் மெழுகு. 80 டிகிரி செல்சியஸுக்கு மேலேதான் உருகும். தனியாக எடுத்தால் கல் மாதிரி இருக்கும். எண்ணெயும் கரைப்பானும் சேர்க்காமல் காரில் தடவவே முடியாது. ஆகவே டப்பாவில் 'நூறு சதவீதம் கர்னாபா' என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு வையுங்கள். மெழுகின் மேல் நீர்த்துளி உருண்டு நிற்கும். துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில் துளிக்குள்ளாக அளந்தால் கோணம் சுமார் 105 முதல் 110 டிகிரி. தாமரை இலையில் இது 150ஐத் தாண்டும், ஏனென்றால் அங்கே மெழுகோடு நுண்ணிய மேடுகளும் உண்டு. செல்போன் கேமராவில் பக்கவாட்டில் படம் எடுத்தாலே இந்தக் கோணத்தை அளக்கலாம். நம் பள்ளி ஆய்வகங்களில் ஏன் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்; செலவு ஒரு டப்பா வாக்ஸ்தான்.

நீர்த்துளி லென்ஸ் போல வெயிலைக் குவித்துப் பெயின்டை எரித்துவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. தட்டையான பரப்பில் ஒட்டியிருக்கும் துளியின் குவியம் பரப்புக்கும் வெகு கீழே விழும். 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இலைகளை வைத்துச் சோதித்து, வழுவழுப்பான இலையைத் துளி எரிக்காது என்று காட்டினார்கள். காரில் வெள்ளை வளையம் விழுவதற்குக் காரணம் போர் தண்ணீரின் உப்பு. துளி காயக் காயக் கால்சியம் அங்கேயே தங்கிவிடும். வாக்ஸ் போட்ட வண்டியில் துளிகள் அழகாக நிற்பதால் ஈரத்தைத் துடைக்காமல் விட்டால் வளையங்களும் அழகாக விழும்.

ஆயுத பூஜைக்குப் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் அப்பி, காய்ந்தபின் சுரண்டுவதும் நாமே பெயின்டைக் கெடுத்துக்கொள்ளும் ரகம்தான். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைப்பதால் விபத்து குறையும் என்று நான் நம்பவில்லை, ஆனால் அதில் பெயின்டுக்கு நஷ்டமில்லை. பொட்டைக் கண்ணாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகருக்கு: முதலில் நன்றாகக் கழுவுங்கள். நிழலில், தகரம் தொட்டால் சுடாத நேரத்தில், ஒரே ஒரு முறை மென்மையான பாலிஷ். மிச்சமிருக்கும் மெல்லிய கீறலுக்குக் கிளேஸ், அது கரையாமலிருக்க மேலே மெல்லிசாக வாக்ஸ். தடிமனாகப் பூசினால் துடைக்கும்போது அத்தனையும் துணியில்தான் வரும். வாக்ஸுக்குப் பதிலாகச் செராமிக் கோட்டிங் என்ற கெட்டியான பூச்சு போடுவதாக இருந்தால் கிளேஸ் வேண்டாம். எண்ணெய்ப் படலத்தின் மேல் அது பிடிக்காது. அதில் சொல்லும் '9எச்' கடினத்தன்மை, எந்தப் பென்சில் முனை கீறுகிறது என்று பார்க்கும் பென்சில் அளவுகோலில் உள்ளது, மோஸ் அளவுகோலில் அல்ல. காய்ந்த துணியும் மணலும் அதையும் கீறும்.