டிஃபால்ட் என்றால் முன்னிருப்பா?

தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி போன வாரம் போன் செய்து, "தம்பி, முன்னிருப்பு மொழின்னு போட்டிருக்கே, போன மாசக் கணக்கு எழுதின மொழியா?" என்று கேட்டார். யாரோ அனுப்பிய தமிழ்க் கையேட்டைப் பார்த்து, கடைக் கணினியில் லிப்ரெ ஆபிஸை (கடிதம், கணக்கு எழுதும் இலவச மென்பொருள்) மராத்திக்கும் தமிழுக்குமாக அமைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பேரேடு எழுதுகிறவருக்கு முன்னிருப்பு என்றால் முந்தைய கணக்கிலிருந்து கொண்டுவந்த தொகைதான். கையேடு எழுதியவரோ டிஃபால்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக அதைப் போட்டிருக்கிறார்.

டிஃபால்ட், 'தவறு, ஏமாற்று' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தவணை கட்டத் தவறினாலும் டிஃபால்ட், வழக்கில் ஆஜராகத் தவறினாலும் டிஃபால்ட். கணினியில், நீங்கள் எதையும் சொல்லாமல் விட்டால் அது தானாக எடுத்துக்கொள்வது.

முன்பே இருப்பது முன்னிருப்பு என்று பிரித்துச் சமாதானம் சொல்வார்கள். அண்ணாச்சி கணினியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி, தமிழ் எல்லாமே முன்பே இருக்கின்றன, எல்லாம் டிஃபால்ட்டா? லிப்ரெ ஆபிஸில் ஆவண மொழியை மேற்கத்தியம், ஆசியம், சிக்கலான எழுத்தமைப்பு என்று வகைக்கு ஒன்றாகத்தான் வைக்க முடியும். ஆசியம் என்றால் சீனம், ஜப்பானியம், கொரியம்; நம்மையும் மராத்தியையும் அரபியோடு சேர்த்து மூன்றாவதில் போட்டிருக்கிறார்கள் (ஆசியா எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்). ஆக இருப்பது ஒரு நாற்காலி, அதில் மராத்தி உட்கார்ந்தால் தமிழ் நிற்க வேண்டியதுதான், தமிழ்க் கடிதம் எழுதும்போது அந்தப் பத்திக்கு மட்டும் மொழியை மாற்றிக்கொள்ளலாம். மெனுக்களின் மொழி தனிச் சமாச்சாரம், அதை மாற்றினால் மூடித் திறக்க வேண்டும். இவ்வளவையும் 'முன்னிருப்பு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு போனில் விளக்கிப் பாருங்கள், தெரியும்.

கொடாநிலை என்றும் எழுதுகிறார்கள். கருத்து சரி, ஆனால் காதில் விழும்போது கஞ்சனைத் திட்டுவது போல இருக்கிறது. இயல்புநிலை தேவலாம், என்ன, மும்பையில் மழைவெள்ளம் வடிந்த மறுநாள் வரும் செய்தி ஞாபகம் வந்துவிடும். எனக்கு வெறும் 'இயல்பு' போதும். இரண்டு சொற்கள் மாற்றமில்லாமல் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி, ஏதாவது தோன்றினாலோ திரிந்தாலோ கெட்டாலோ விகாரப் புணர்ச்சி என்று நன்னூல் வழியே பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே கணக்குதான்: கைவைக்காதவரை இயல்பு. அது அங்கே தயாராக இருக்க, சொற்பட்டியலில் ஒருவர் போட்டதை அடுத்தவர் அப்படியே எடுத்து ஒட்டுகிறார். திரையில் அதைப் படிக்கப்போவது யார் என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டாமா?

அண்ணாச்சியிடம் இயல்பு மொழி என்றேன். "ஒண்ணும் சொல்லாட்டி வாறதுதான?" என்றார். அப்புறம் மராத்தியையே வைத்துவிட்டார், பில் எல்லாம் அதில்தான் போகிறதாம்.